ஏறும் படி மட்டும் உள்ள பட்டியல்
ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களே,

1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஓர் அகதி விடுதியில் எனக்கும் ஒரு குர்து இளைஞனுக்கும் ஒரே அறை. அவன் தென்கிழக்குத் துருக்கியின் தியார்பக்கிர் பக்கத்துக் கிராமத்தான், நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தவை ஏறக்குறைய நூறு ஜெர்மன் சொற்கள். ஒருநாள் அவனுடைய அண்ணனைப் பற்றிக் கேட்டேன். "மலைக்குப் போய்விட்டான்" என்றான். மேற்கொண்டு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் "இயக்கத்துக்குப் போய்விட்டான்" என்போம். அதே தாழ்ந்த குரலில்தான் சொல்வோம். சொன்னதும் பேச்சை வேறு பக்கம் திருப்புவோம்.

அவனுடைய மலையும் என்னுடைய இயக்கமும் ஒரே நாளில் ஒரே தாளில் ஏறின. 1997 அக்டோபர் 8 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட முதல் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியான பி.கே.கே.யும் இருந்தது, விடுதலைப் புலிகளும் இருந்தார்கள். நீங்கள் சற்றுத் தாமதமாக வந்தீர்கள். பி.கே.கே.யை 2002 மே மாதத்திலும் புலிகளை 2006 மே மாதத்திலும் உங்கள் பட்டியலில் சேர்த்தீர்கள். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கிறீர்கள். ஒரு பத்திரிகையிலும் பெட்டிச் செய்திகூட வராது. அந்தப் புதுப்பித்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மடலைப் பாதியில் மடித்து வைத்துவிடுவீர்கள். பி.கே.கே.க்கு நற்சான்று வாங்க நான் வரவில்லை. 1987 ஜூனில் பினார்ஜிக் என்ற கிராமத்தில் அவர்கள் சுட்டுக் கொன்ற முப்பது பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தென்கிழக்குத் துருக்கியின் ஊர்ப் பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர்களை அரசின் ஆட்கள் என்று சொல்லிக் கொன்றார்கள். 2016 மார்ச்சில் அங்காராவின் நடுவே, பஸ் நிறுத்தம் அருகே வெடித்த குண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதற்குப் பொறுப்பேற்ற குர்திஸ்தான் விடுதலைப் பருந்துகள் என்ற அமைப்பு தாங்கள் தனி என்றது, அது பி.கே.கே.யின் இன்னொரு முகமூடிதான் என்றது துருக்கி. வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கொன்றவனை என்ன பெயரிட்டு அழைத்தாலும் எனக்கு மறுப்பு இல்லை.

அதே துருக்கி 1983 முதல் 1991 வரை குர்து மொழியைச் சட்டம் போட்டே தடை செய்திருந்தது என்பதையும், 1990களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களையும் குடியிருப்புகளையும் காலி செய்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். உங்கள் மனித உரிமை அறிக்கைகளிலேயே இருக்கிறது. இந்த இரண்டு பத்திகளையும் ஒன்றுக்கொன்று கழித்துப் பார்க்க வேண்டாம், கழியாது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. ஒரே ஆளை ஒரு பத்திரிகை போராளி என்றும், இன்னொன்று தீவிரவாதி என்றும், அரசு அறிக்கை பயங்கரவாதி என்றும் எழுதுவதைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தச் சொல் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தாலே பத்திரிகை யார் கையில் என்று சொல்லிவிடுவோம். குர்துகள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அவர்களுடைய நிலம் துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் என்று நான்கு வீட்டு வேலிகளுக்கு உள்ளே கிடக்கிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அங்கே, அடுத்த நாட்டுக் குர்து உடைத்தால் மண்குடம், சொந்த நாட்டுக் குர்து உடைத்தால் பொன்குடம்.

ஈரானின் ஷா ஈராக்கியக் குர்துத் தலைவர் முல்லா முஸ்தபா பர்சானிக்கு ஆயுதம் கொடுத்தார், அமெரிக்காவும் கொடுத்தது. 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் ஷாவும் சதாம் உசேனும் எல்லைத் தகராறைப் பேசி முடித்தார்கள். உடனே பர்சானியைக் கைவிட்டார்கள். பிறகு 1980களின் போரில் பாக்தாத் ஈரானியக் குர்துகளுக்கு இடம் கொடுத்தது, தெஹ்ரான் ஈராக்கியக் குர்துகளுக்குத் துணை நின்றது. சிரியாவின் ஹாபிஸ் அல் அசாத், தன் நாட்டுக் குர்துகளில் ஒரு பெரும் பகுதியினருக்குக் குடியுரிமையே தராமல் வைத்துக்கொண்டு, பி.கே.கே. தலைவர் அப்துல்லா ஓசலானை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விருந்தாளியாக வைத்திருந்தார். 1998 இலையுதிர் காலத்தில் துருக்கி எல்லையில் படையைக் குவித்தது. அக்டோபர் 20 அன்று அதானா உடன்பாட்டில் சிரியா பி.கே.கே.யைப் பயங்கரவாத அமைப்பு என்று ஏற்றுக் கையெழுத்திட்டது. அந்தச் சில வாரங்களில் பி.கே.கே. செய்ததிலோ சொன்னதிலோ எந்த மாற்றமும் கிடையாது. மாறியது துருக்கியப் பீரங்கிகள் நின்ற இடம்.

மேற்கு ஆசியாவின் சர்வாதிகாரிகள் அப்படித்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தைப் பாருங்கள். சதாமை எதிர்த்து ஆயுதம் தூக்கிய குற்றத்துக்காக, ஈராக்கின் இரண்டு பெரிய குர்துக் கட்சிகளும் அந்தச் சட்டத்தின் கணக்கில் பெயர் குறிக்கப்படாத பயங்கரவாத அமைப்புகளாக இருந்தன. அந்த இரண்டு கட்சிகளும் 2003 போரில் அமெரிக்காவோடு தோளோடு தோள் நின்றவை. அவற்றில் ஒன்றின் தலைவரான ஜலால் தலபானி 2005 முதல் 2014 வரை ஈராக்கின் அதிபர். அவர் கட்சி உறுப்பினர் ஒருவர் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பித்தால் பயங்கரவாதப் பிரிவில் போய்ச் சிக்கினார். இதைத் திருத்த 2014 டிசம்பர் வரை ஆனது. அதுவும் தனிச் சட்டமாக வரவில்லை, பாதுகாப்புச் செலவு மசோதாவின் ஒரு மூலையில் செருகி வந்தது.

அடுத்து, உங்களுக்கே நேரடியாகத் தொடர்புள்ள கதை.

2014 அக்டோபரில் சிரியாவின் குர்து நகரான கொபானி, இஸ்லாமிய அரசு எனப்படும் ஐ.எஸ். கையில் விழப்போகிறது என்று உலகமே நினைத்திருந்தபோது, அமெரிக்க விமானங்கள் அந்த நகரைக் காத்த சிரியக் குர்துப் படையான ஒய்.பி.ஜி.க்கு ஆயுதம் போட்டன. துருக்கியோ பி.கே.கே.யும் ஒய்.பி.ஜி.யும் ஒன்றே என்றது. அங்காரா சொன்னது பொய் என்று என்னால் எழுத முடியாது. 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டரே செனட் விசாரணையில் இரண்டுக்கும் கணிசமான தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். 2017 அக்டோபரில் சிரியாவின் ரக்கா நகரம் ஐ.எஸ்.ஸிடமிருந்து விடுபட்டபோது நகர நடுச் சதுக்கத்தில் ஓசலானின் பிரம்மாண்டமான படத்தை விரித்துக் கொண்டாடினார்கள். இதற்கு அமெரிக்கா கண்ட வைத்தியம் பெயர் மாற்றம். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தாங்கள் கேட்டதையும், சிரிய ஜனநாயகப் படைகள் என்ற பெயர் உடனே வந்ததையும், அதில் ஜனநாயகம் என்ற சொல்லை நுழைத்த சாமர்த்தியத்தையும் அமெரிக்கச் சிறப்புப் படைத் தளபதி ரேமண்ட் தாமஸ் 2017 ஜூலையில் ஒரு மேடையில் சிரித்தபடி விவரித்தார்.

ஆனால் துருக்கியின் கையும் அவ்வளவு சுத்தமில்லை. பின்னாளில் பயங்கரவாதி என்று தேடிய சாலிஹ் முஸ்லிமை 2013இலும் 2014இலும் துருக்கிக்கு அழைத்துப் பேசியவர்கள் அவர்கள்தான். அவர் அப்போது ஒய்.பி.ஜி.க்கு அரசியல் தலைமை தந்த கட்சியின் இணைத் தலைவர். 2015 பிப்ரவரியில் சிரியாவுக்குள் இருந்த சுலைமான் ஷா கல்லறையை இடம் மாற்றத் துருக்கியப் படை கொபானி வழியாகத்தான் போய் வந்தது. எலும்புகளைக் கொண்டுபோய் வைத்த புதிய இடமும் ஒய்.பி.ஜி. கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அருகில்தான். ஒஸ்மானியப் பேரரசை நிறுவியவரின் பாட்டனாருக்குப் பயங்கரவாதிகள் அருகே நிம்மதியாக உறக்கம் வந்தது போலிருக்கிறது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? 2015 பிப்ரவரியில் பிரான்ஸ் அதிபர் பிரான்சுவா ஒல்லாந்த் சிரியக் குர்துப் பெண் போராளிப் படையின் தளபதி ஒருவரை, அவர் சீருடையிலேயே, எலிசே மாளிகையில் வரவேற்றார். 2017 மார்ச்சில் ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் அதே படையின் கொடியை பி.கே.கே. சின்னங்களின் வரிசையில் சேர்த்துச் சுற்றறிக்கை விட்டது. பாரிஸ் மாளிகையில் கைகுலுக்கல், பவேரியாவில் முகநூலில் கொடி போட்டவர்மீது வழக்கு. ரைன் ஆற்றைத் தாண்டினால் கொடியின் பொருள் மாறிவிடும். உங்கள் நாடுகளிலிருந்து ஐ.எஸ்.ஸில் சேரப் போனவர்களை, அவர்களுடைய மனைவிமாரையும் பிள்ளைகளையும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் முகாம்களிலும் சிறைகளிலும் காவல் காத்ததும் அந்தக் கொடிக்காரர்கள்தான். திருப்பி அழைத்துக்கொள்ளச் சொன்னபோது உங்களில் பலருக்குக் காது கேட்கவில்லை.

ரஷ்யா பி.கே.கே.யைப் பயங்கரவாதப் பட்டியலில் வைத்ததே இல்லை. 2016 பிப்ரவரியில் சிரியக் குர்துகளின் அலுவலகம் மாஸ்கோவில் திறக்கப்பட்டது. 2018 ஜனவரியில் சிரியக் குர்துகள் வசமிருந்த ஆஃப்ரின் மீது துருக்கி பாய்ந்தபோது அங்கிருந்த தன் ஆட்களை நகர்த்திக்கொண்டு வான்வெளியைத் துருக்கிக்குத் திறந்துவிட்டதும் அதே ரஷ்யாதான். பட்டியலில் இல்லாமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைத்த குர்துகளுக்கு அது ஒரு பாடம்.

ஈரானையும் விட்டுவிடக் கூடாது. ஈரானியக் குர்துக் கட்சிகளைத் தெஹ்ரான் பயங்கரவாதிகள் என்கிறது. 1989 ஜூலையில் வியன்னாவில், ஈரானியத் தூதுக்குழுவோடு பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்திருந்த ஈரானியக் குர்துக் கட்சித் தலைவர் அப்துல் ரஹ்மான் காசெம்லூவைச் சுட்டுக் கொன்றார்கள். 1992 செப்டம்பரில் பெர்லினின் மிகோனோஸ் உணவகத்தில் அவருக்கு அடுத்துத் தலைமையேற்றவரையும் மூவரையும் கொன்றார்கள். பெர்லின் நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தபோது ஈரானின் உச்ச தலைமையையே சுட்டிக்காட்டியது. அதே ஈரானியக் குர்துகளிலேயே பி.கே.கே.யோடு உறவுள்ள பெஜாக் அமைப்பை 2009இல் அமெரிக்கக் கருவூலத் துறை பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. பெஜாக்கை ஏவிவிடுவதே அமெரிக்காதான் என்று ஈரான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது. ஈராக் 2024 மார்ச்சில் பி.கே.கே.யைத் தடை செய்யப்பட்ட அமைப்பு என்று அறிவித்தது. துருக்கி எதிர்பார்த்த பயங்கரவாத அமைப்பு என்ற சொல்லைப் போடவில்லை. அந்த ஒரு சொல்லின் விலை என்ன என்று பாக்தாத்துக்குத் தெரியும். ஒரே தவணையில் கொடுத்துவிட அது முட்டாள் அல்ல.

விலை என்ற சொல்லைக் கோபத்தில் எழுதவில்லை. சுவீடனைப் பாருங்கள். 1984இல் துருக்கிக்கு அடுத்தபடியாக பி.கே.கே.யைப் பயங்கரவாத அமைப்பு என்ற முதல் நாடு அதுதான். 1986இல் பிரதமர் ஒலோஃப் பால்மே கொல்லப்பட்டபோது காவல்துறை மாதக்கணக்கில் குர்துகளைத்தான் துருவியது. ஒன்றும் கிடைக்கவில்லை, விசாரணைத் தலைவர் பதவி விலகினார். அப்படிப்பட்ட நாட்டை 2022இல் துருக்கி பயங்கரவாதிகளின் விடுதி என்றது. ஏன்? உக்ரைன் போருக்குப் பயந்து சுவீடனும் பின்லாந்தும் நேட்டோவில் சேர மனுப் போட்டிருந்தன. ஒவ்வோர் உறுப்பு நாட்டின் சம்மதமும் தேவை. 2022 ஜூன் 28 அன்று மாட்ரிட்டில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்ட குறிப்பில் ஒய்.பி.ஜி.க்கு ஆதரவு தர மாட்டோம் என்று இரண்டும் எழுதிக் கொடுத்தன. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் சுவீடனின் ஆளுங்கட்சி, சிரியக் குர்துகளோடு உறவை ஆழப்படுத்துவதாக அமினே ககபாவே என்ற சுயேச்சை உறுப்பினருக்கு எழுதிக் கொடுத்து, அவருடைய ஒற்றை வாக்கால் ஆட்சி அமைத்திருந்தது. ஈரானில் பிறந்து, இளவயதில் குர்துப் படையில் துப்பாக்கி ஏந்தியவர் அவர். முதல் தாளில் நண்பர்கள், இரண்டாம் தாளில் ஆதரிக்கத் தகாதவர்கள்.

இனி உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். 2001 டிசம்பரில் நீங்கள் வகுத்த விதிப்படி, ஒரு நாட்டின் தகுதியுள்ள அதிகாரி எடுத்த முடிவு இருந்தால் ஓர் அமைப்பைச் சேர்க்கலாம். பி.கே.கே.யைப் பொறுத்தவரை பிரிட்டன் உள்துறை அமைச்சர் 2001இல் போட்ட உத்தரவையும் அமெரிக்க முடிவுகளையும் ஊன்றுகோலாக வைத்திருந்தீர்கள். பிரிட்டன் உங்களை விட்டுப் போய்விட்டது, ஊன்றுகோல் மட்டும் உங்களிடம் தங்கிவிட்டது. உங்கள் பொது நீதிமன்றமே காரணம் போதவில்லை என்று 2008இலும் 2018இலும் முடிவுகளை ரத்து செய்தது. 2021இல் மேல் நீதிமன்றம் 2018 தீர்ப்பைத் தள்ளியது. புலிகள் வழக்கிலும் 2014இல், அதிகாரிகளின் முடிவுகளை விட்டுவிட்டுப் பத்திரிகைச் செய்திகளையும் இணையத்தையும் ஆதாரமாக்கியிருக்கிறீர்கள் என்று அதே பொது நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு எப்படி வந்தாலும் பட்டியல் அசையவில்லை. நீங்கள் கூடும் பிரஸ்ஸல்ஸிலேயே, 2020 ஜனவரி 28 அன்று, பெல்ஜியத்தின் உச்ச நீதிமன்றம் பி.கே.கே. ஓர் ஆயுத மோதலின் ஒரு தரப்பு, எனவே பயங்கரவாதச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் நிலைப்பாட்டில் மாற்றமில்லை என்று பெல்ஜிய வெளியுறவு அமைச்சர் உடனே அறிவித்தார். நீதிமன்றம் ஒரு தெருவில், அமைச்சகம் இன்னொரு தெருவில்.

பட்டியல் வெறும் தாள்தானே என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊர் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2002 முதல் இலங்கைப் போர்நிறுத்தத்தைக் கண்காணித்தவர்கள் நோர்வே, ஐஸ்லாந்து, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆகிய ஐந்து நாட்டவர். அந்தக் குழுவின் சுவீடன் நாட்டுத் தலைவரே தடை வேண்டாம் என்று எச்சரித்திருந்தார். 2006 மே மாதம் தடை வந்தது. எங்களைத் தடை செய்தவர்களின் ஆட்கள் நடுவர்களாக இருக்க முடியாது என்றார்கள் புலிகள். செப்டம்பருக்குள் சுவீடன், பின்லாந்து, டென்மார்க் மூன்றும் வெளியேறின. மிஞ்சியவர்கள் நோர்வேக்காரர்களும் ஐஸ்லாந்துக்காரர்களும். பிறகு நடந்ததற்கெல்லாம் நீங்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இரு தரப்புக்கும் போர் தேவைப்பட்டது. ஆனால் பார்க்கும் கண்கள் குறைந்த பிறகுதான் அது உக்கிரமானது.

அதனால்தான் இப்போது எழுதுகிறேன். 2025 பிப்ரவரி 27 அன்று இம்ராலித் தீவுச் சிறையிலிருந்து ஓசலான், கட்சியைக் கலையுங்கள் என்று அழைப்பு விடுத்தார். மே 12 அன்று பி.கே.கே. கலைப்பை அறிவித்தது. ஜூலை 11 அன்று ஈராக்கின் சுலைமானியா பகுதியில் பெண்களும் ஆண்களுமாக முப்பது பேர் வரிசையாக வந்து தங்கள் துப்பாக்கிகளை ஒரு கொப்பரையில் போட்டுத் தீ வைத்தார்கள். ஒப்படைக்கவில்லை, எரித்தார்கள். நவம்பரில் துருக்கி நாடாளுமன்ற ஆணைக்குழுவின் உறுப்பினர்களே இம்ராலிக்குப் போய் ஓசலானைச் சந்தித்தார்கள். பயங்கரவாதி என்று உலகத்தையே சொல்ல வைத்த அரசு அவரோடு பேசுகிறது. உங்கள் பட்டியல் மட்டும், கலைந்தோம் என்று அறிவித்த கட்சியின் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டது.

பெயர் நீக்குவதற்குக் காலம் பிடிக்கும் என்பீர்களோ? 2024 டிசம்பர் 8 அன்று டமாஸ்கஸைப் பிடித்த ஹயாத் தஹ்ரீர் அல் ஷாம், அல் காய்தாவின் கிளையாகப் பிறந்த அமைப்பு. சரியாக ஏழு மாதம் கழித்து, 2025 ஜூலை 8 அன்று, அமெரிக்கா அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. அதன் தலைவர் அகமது அல் ஷரா மே மாதமே பாரிஸில் மக்ரோனைச் சந்தித்துவிட்டார். அப்போது அவர் பெயர் ஐ.நா. தடைப் பட்டியலில் இருந்தது. நவம்பரில் அதுவும் நீங்கியது. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. சிரிய மக்கள் சோறு சாப்பிட வேண்டும், தடைகள் நீங்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கு எனக்குப் புரிகிறது: தலைநகரைப் பிடித்தால் ஏழு மாதம், துப்பாக்கியை எரித்தால் காலவரையறை கிடையாது. மலையில் இருக்கும் ஓர் இருபது வயதுப் பையன் இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வான் என்று யாராவது உங்கள் கூட்டத்தில் கேட்டீர்களா?

நான் கேட்பது சிறியது. ஓர் அமைப்பு எப்படிப் பட்டியலில் ஏறும் என்று எழுதியிருக்கிறீர்கள். எதைச் செய்தால் இறங்கும் என்று எழுதுங்கள். ஆயுதத்தைக் கைவிட்டதை யார் சரிபார்ப்பது, எத்தனை மாதம் பொறுப்பது, யார் கையெழுத்துப் போடுவது, இவ்வளவுதான். அந்த இடைக்காலத்தில் சமாதானப் பேச்சுக்காக அவர்களைச் சந்திக்கும் வழக்கறிஞரையும் பத்திரிகையாளரையும் நடுவரையும் உதவிப் பணியாளரையும் வழக்கில் மாட்டாதீர்கள். குண்டு வைத்தவனைப் பெயர் சொல்லித் தேடிப் பிடியுங்கள், அதற்கு ஏற்கெனவே கொலைச் சட்டம் இருக்கிறது. நூறு ஜெர்மன் சொற்களோடு வந்து, கடை வைத்து, வரி கட்டி, குர்துப் புத்தாண்டான நவ்ரோஸ் நாளில் தெருவில் ஒரு கொடி பிடித்ததற்காகக் குடியுரிமை விண்ணப்பத்தில் சிக்கிக்கொள்ளும் மனிதனை அந்தப் பட்டியலின் நிழலிலிருந்து விடுவியுங்கள். பொதுவான பயங்கரவாத ஒப்பந்தத்துக்கு இந்தியா 1996இலேயே ஐ.நா.வில் முன்மொழிவு வைத்தது. விடுதலைப் போராட்டத்தை என்ன செய்வது, அரசுப் படைகளை என்ன செய்வது என்ற கேள்வியில் அது இன்னும் கிடக்கிறது. உலகம் ஒரு வரையறைக்கு வரும் வரை காத்திருங்கள் என்று சொன்னால் என் பேரனும் இதே மடலை எழுதுவான்.

என் பழைய அறைத்தோழன் இப்போது கொலோனில் காய்கறிக் கடை வைத்திருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. மலைக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்பதும் தெரியாது. கொப்பரையில் துப்பாக்கிகள் எரிந்த காட்சியைக் கடைக்குப் பின்னால் வைத்துக் கைப்பேசியில் எனக்குக் காட்டினான். மூன்று முறை ஓட்டினான். பிறகு, "இனி இவர்களை என்னவென்று அழைப்பார்கள்?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகளில் அவன் ஜெர்மன் என்னுடையதைவிட நன்றாகிவிட்டது, இருந்தும் மொழிபெயர்ப்பாளன் என்பதால் என்னைக் கேட்கிறான். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பாகப் பதில் எழுதினால் அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கடை ஞாயிறு தவிர எல்லா நாளும் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கொலோனில் வாழும் ஓர் ஈழத்தமிழ் மொழிபெயர்ப்பாளன்